சிவில் இன்ஜினீயரிங் எடுக்கலாமா? சாந்தோம் கடற்கரை சொல்லும் பதில்

‘சிவில் எடுத்தா வேலை கிடைக்குமா?’ பொறியியல் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் பல வீடுகளில் இந்தக் கேள்விதான். பக்கத்து வீட்டு அங்கிள் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடுங்க’ என்பார். சித்தப்பா ‘சிவில்னா வெயில்ல நிக்கணும்’ என்பார். சில ஆண்டுகளாகவே கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகள் முதல் சுற்றிலேயே நிரம்ப, பல கல்லூரிகளில் சிவில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கட் ஆஃப் குறைந்ததால் வேறு வழியில்லாமல் சிவிலுக்கு வந்தவர்களும் உண்டு.

ஒரு பக்கம் இப்படி இருக்க, மறுபக்கம் சென்னையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். மெட்ரோ, மழைநீர் வடிகால், பாலம், அடுக்குமாடி என்று ஊரே ஒரு சைட்டாக மாறியிருக்கிறது. வேலை இவ்வளவு இருந்தும் படிப்புக்கு ஏன் மவுசு இல்லை? இந்தத் தொழில் உண்மையில் என்ன கேட்கிறது, என்ன கொடுக்கிறது? இதற்கெல்லாம் பதில் தேட மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே இருக்கும் சாந்தோம் வட்டாரமே போதும்.

மூன்று கிலோமீட்டரில் முழு சிலபஸ்

சிவில் என்றால் வீடு கட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீடு அதில் ஒரு சிறு பகுதி. சாந்தோம் பேராலயத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே இந்தத் துறையின் முக்கியமான பிரிவுகள் எல்லாம் கண்ணில் படும்.

முதலில் பேராலயம். போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயம் இருந்த இடத்தில், இப்போதுள்ள கட்டடம் ஆங்கிலேயர் ஆட்சியில் 1896-ல் எழுந்தது. 100 வயதைத் தாண்டிய கட்டடங்களைப் பராமரிப்பது தனிக் கலை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் மேல் சிமென்ட் பூசினால், சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, சுவரே உள்ளிருந்து உதிரத் தொடங்கும். பழசைப் புரிந்துகொண்டு பழுது பார்க்கும் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர்கள் நம் ஊரில் மிகக் குறைவு.

வடக்கே நடந்தால் கலங்கரை விளக்கம். 1977-ல் திறக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் அருகிலிருந்துதான் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4ஆவது வழித்தடம் தொடங்குகிறது. பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர். 2023 செப்டம்பரில் ‘ஃபிளமிங்கோ’ என்று பெயரிடப்பட்ட சுரங்கம் தோண்டும் இயந்திரம் இங்கேதான் மண்ணுக்குள் இறங்கியது. இந்த வழித்தடம் திருமயிலையில் 3ஆவது வழித்தடத்தைச் சந்திக்கிறது. அங்கே நிலையம் தரைக்குக் கீழே சுமார் 35 மீட்டர் வரை இறங்குகிறது. பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் புதைப்பது போன்ற வேலை இது. கடலோர மணலும், மேலேயே நிற்கும் நிலத்தடி நீரும், நெருக்கியடித்து நிற்கும் பழைய வீடுகளும் உள்ள இடத்தில், மேலே நடப்பவருக்குத் தெரியாமல் கீழே துளை போட வேண்டும். மண்ணியல் பொறியியல் படித்தவர்களின் களம் இது.

கடற்கரையே ஒரு பாடம். மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சென்னைத் துறைமுகமும் ஒரு காரணம். தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஒரு இடத்தில் கட்டிய சுவர் பல கிலோமீட்டர் தள்ளியிருப்பவரின் வீட்டைப் பாதிக்கும் என்பதைக் கடலோரப் பொறியியல் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்ட ஆரம்பித்து, 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாறு வரை நீட்டப்பட்டது. பின்னாளில் அதே கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினார்கள். ரயில் 1997-ல் திருமயிலை வந்தது. தண்ணீர் போகும் வழியில் தூணை நட்டது சரியா என்ற விவாதம் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வருகிறது. நீரியல், போக்குவரத்து, நகரத் திட்டமிடல் மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் உதாரணம் அது.

தெற்கே அடையாற்று முகத்துவாரத்தில் ‘உடைந்த பாலம்’. மீனவர்கள் நடந்து போக 1967-ல் கட்டிய பாலம், பத்தே வருடத்தில், 1977-ல், ஆற்று வேகத்தில் ஒரு பகுதியை இழந்தது. இன்று அங்கே செல்ஃபி எடுக்கிறார்கள், ஷூட்டிங் நடக்கிறது. சிவில் மாணவர் அங்கே போனால் பார்க்க வேண்டியது வேறு: முகத்துவாரத்தில் ஆறு தன் போக்கை மாற்றும், வெள்ளத்தில் தூணின் காலடி மண்ணை அரிக்கும், பாலத்தின் ஆயுளை மேலே தெரியும் தளத்தைவிடக் கீழே தெரியாத அஸ்திவாரம்தான் தீர்மானிக்கும்.

உப்புக் காற்றும் உள்ளே இருக்கும் கம்பியும்

இவை எல்லாவற்றையும்விடக் கனமான பாடம் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறது. 2004 சுனாமியில் அடிபட்ட சீனிவாசபுரம் பகுதியில் பழைய வாரியக் குடியிருப்புகள் உண்டு. 2024 டிசம்பரில் அங்கே ஒரு ஜன்னலின் சன்ஷேடு பெயர்ந்து விழுந்ததில் கீழே இருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். புயலோ நிலநடுக்கமோ வரவில்லை. சாதாரண ஒரு நாள் அது.

கடலோரக் கட்டடங்கள் ஏன் இப்படி உதிர்கின்றன? கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உருவாக்கி வைத்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெதுவாக உள்ளே இறங்கி, அந்தப் படலத்தை உடைக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே மெல்லிய விரிசல், பிறகு பழுப்புக் கறை, கடைசியில் பெயர்ந்து விழுதல். இதற்கு வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் கட்டிய அன்று எல்லாக் கட்டடமும் அழகாகத் தெரிகிறது.

தடுக்க வழி உண்டு; எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சூழலை லேசானது முதல் மிகக் கடுமையானது வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. லேசான சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை இருந்தால் போதும். கடலோரம் போன்ற கடும் சூழலில் 45 மில்லிமீட்டர் வேண்டும். கான்கிரீட் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும். 100 கிலோ சிமென்ட்டுக்கு 45 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

சைட்டில் இந்த 45 மில்லிமீட்டரைக் காப்பாற்றுவது ‘கவர் பிளாக்’ என்னும் சின்னக் கட்டை. கம்பிக்கு அடியில் அதை வைத்துக் கட்ட மறந்தால், கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்துவிடும். சன்ஷேடு, பால்கனி விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஒரு முனை மட்டும் சுவரில் பிடித்து, மறுமுனை அந்தரத்தில் தொங்கும் அமைப்பு என்பதால் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அவசரத்தில் யாராவது கம்பி மேல் ஏறி மிதித்தால் அது கீழே இறங்கிவிடும். சென்ட்ரிங் பிரித்த பிறகு வெளியே ஒன்றும் தெரியாது. கம்பி இறங்கிய விஷயம் அன்றைக்கு அங்கே நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

சிவில் இன்ஜினீயரின் வேலையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். மூடிய பிறகு யாருக்கும் தெரியாத ஒன்றை, மூடுவதற்கு முன் பார்த்துச் சரிசெய்கிறவர் அவர்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

கல்லூரி விளம்பரங்களில் மஞ்சள் ஹெல்மெட்டும் கையில் வரைபடமும்தான் இருக்கும். நிஜத்தில் சைட் இன்ஜினீயரின் நாள் காலை 7 மணிக்கே தொடங்கிவிடும். ஆட்கள் வந்துவிட்டார்களா, எம்-சாண்ட் லோடு இறங்கியதா, ரெடிமிக்ஸ் லாரி எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போனிலேயே பாதி நேரம் போகும். கம்பி கட்டியதை வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். லாரி வந்ததும் கான்கிரீட்டின் இளக்கத்தைச் சோதித்து, 150 மில்லிமீட்டர் கட்டிகளாக மாதிரி எடுத்து வைக்க வேண்டும். 28ஆவது நாள் அந்தக் கட்டியை உடைத்துப் பார்த்துதான் கான்கிரீட் தேறியதா என்று தெரியும். பெரிய தளம் போடும் நாளில் இரவு 11 மணிக்கும் சைட்டில் நிற்க வேண்டியிருக்கும். பல நிறுவனங்களில் சனிக்கிழமையும் வேலை நாள்.

படித்து முடித்து முதல் மாதத்திலேயே ஒரு தேர்வு வரும். அதற்கு ஹால் டிக்கெட் கிடையாது. ‘கலவை ஓடவே மாட்டேங்குது சார், கொஞ்சம் தண்ணி விட்டுக்கறேன்’ என்பார் மேஸ்திரி. அவருக்கு அப்பா வயது, முப்பது வருட அனுபவம். 22 வயது இன்ஜினீயருக்கு அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஆயிரம் இருக்கிறது. ஆனாலும் ‘வேண்டாம் அண்ணே, தண்ணி சேர்த்தா ஸ்ட்ரென்த் போயிடும். வைப்ரேட்டர் போடுங்க, இல்லைன்னா லாரியைத் திருப்பி அனுப்பிடலாம்’ என்று சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தாமல், முகத்தை முறிக்காமல், அதே நேரம் விட்டுக்கொடுக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். ஃபார்முலா தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ‘வேண்டாம்’ சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

எல்லாருக்கும் சைட்தான் என்றும் இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து இடாப்ஸ், ஸ்டாட் ப்ரோ போன்ற மென்பொருளில் கட்டடத்தை வடிவமைக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்கள், பொருள் அளவும் பில்லும் பார்க்கும் குவான்டிட்டி சர்வேயர்கள், எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்று அட்டவணை போடும் பிளானிங் இன்ஜினீயர்கள், முழுக் கட்டடத்தையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாக உருவாக்கும் பிம் நிபுணர்கள், டிரோன் விட்டு நில அளவை செய்பவர்கள் எனப் பல கிளைகள் உண்டு. 2021-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா என்ற ஸ்டார்ட்-அப், 3டி பிரின்டர் மூலம் ஒரு வீட்டையே அச்சிட்டுக் காட்டியது. கோடிங் பிடித்தவர்களுக்கும் சிவிலில் இடம் இருக்கிறது. ஆனால் ஓரிரு வருடமாவது சைட்டில் நிற்காத டிசைனர் வரையும் படத்தை, சைட்டில் கட்ட முடியாமல் தலையில் கைவைத்து உட்காருவார்கள். இது தொழிலில் உள்ள அனைவரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

கையெழுத்தின் எடை

2014 ஜூன் 28 மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் வெளிமாநிலங்களில் இருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் பாதுகாப்பானதல்ல என்று முடிவாகி, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சிங்கப்பூரிலும் இப்படி ஒன்று நடந்தது. தமிழர்களுக்கு நன்கு தெரிந்த சிராங்கூன் சாலையில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு 1986 மார்ச் 15 அன்று நொடிகளில் தரைமட்டமானது. 33 பேர் பலி. விசாரணையில் தெரிந்த காரணம் அதிர வைத்தது: வடிவமைப்பில் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை. கட்டி 15 வருடம் நின்ற கட்டடம் அது. அதற்குப் பிறகு அந்த நாடு சட்டத்தை மாற்றியது. குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறையும், மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆய்வு செய்து சான்று தர வேண்டும் என்பது இன்று அங்கே கட்டாயம்.

இந்தியாவில் வழக்கறிஞர்களுக்கு 1961-லும், ஆர்க்கிடெக்ட்களுக்கு 1972-லும் தனிச் சட்டம் வந்துவிட்டது. பார் கவுன்சிலில் பதியாதவர் கோர்ட்டில் வாதாட முடியாது. பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பொறியாளருக்கு மட்டும் நாடு முழுவதற்குமான அப்படியொரு சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகின்றன. திட்ட அனுமதிக்குப் பதிவுபெற்ற பொறியாளர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் போன்றோரின் பொறுப்பை அவை வரையறுக்கின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் டாக்டருக்கு இருப்பது போன்ற, ஒரே பதிவேடும் தொடர் பயிற்சியும் தவறினால் பதிவு ரத்தும் கொண்ட ஏற்பாடு வந்தால்தான் இந்தத் தொழிலுக்கு மரியாதையும் சம்பளமும் சேர்ந்து வரும். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்ட வேலைக்கு யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள்.

சம்பளம், வேலைவாய்ப்பு: மறைக்காமல் பேசலாம்

தனியார் கட்டுமான நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம், ஐ.டி. துறையோடு ஒப்பிட்டால் குறைவு. சிறிய பில்டர்களிடம் சேர்பவர்களுக்கு இன்னும் குறைவு. முதல் மூன்று நான்கு வருடம் பொறுமை சோதிக்கப்படும். ஐ.டி.யில் சேர்ந்த நண்பர் கார் வாங்கும்போது இவர் பைக்குக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பார். அதை மறைத்துவிட்டு ‘சிவிலுக்குப் பெரிய எதிர்காலம்’ என்று கல்லூரிகள் பேசுவது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மறுபக்கமும் உண்டு. இந்தத் துறையில் அனுபவம் பழசாகாது. 20 வருடம் அஸ்திவார வேலை பார்த்தவரைத் தேடி வந்து ஆலோசனை கேட்பார்கள். 50 வயதில் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். வளைகுடா, சிங்கப்பூர் என்று வெளிநாட்டுக் கதவுகளும் திறந்திருக்கின்றன. சென்னை மணப்பாக்கத்திலேயே எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவின் தலைமையகம் இருக்கிறது. தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியும், ஐ.ஐ.டி.யும் கூப்பிடு தூரம். சிவில் படிக்க இந்தியாவில் இதைவிடத் தோதான ஊர்கள் அதிகம் இல்லை.

அரசு வேலைக்கும் வழிகள் நிறைய. பொதுப்பணி, நெடுஞ்சாலை, நீர்வளம், ஊரக வளர்ச்சி போன்ற துறைகளின் உதவிப் பொறியாளர் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. மத்திய அரசுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வு, எஸ்.எஸ்.சி. மற்றும் ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுகள் இருக்கின்றன. மேற்படிப்புக்கும் சில பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் கேட் மதிப்பெண் தேவை. ஆனால் போட்டி கடுமை. அறிவிப்பு வரும் என்று நான்கைந்து வருடம் அறையில் உட்கார்ந்து படித்தே வயதைக் கரைத்தவர்களும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே தயாராவதும், எத்தனை முயற்சி என்று முதலிலேயே ஒரு வரம்பு வைத்துக்கொள்வதும் நல்லது.

பெண்களுக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைக் கிண்டி கல்லூரி 1940களிலேயே தாண்டிவிட்டது. அங்கே சிவில் படித்த பி.கே. திரேசியா, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இன்றும் தடை திறமையில் இல்லை, சைட்டில் இருக்கிறது. பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரவு கான்கிரீட் முடிந்து வீடு திரும்ப வண்டி ஏற்பாடு இருக்காது. ‘பொண்ணுங்களுக்கு டிசைன் ஆபீஸ்தான் செட் ஆகும்’ என்று அறிவுரை சொல்லும் நிறுவனங்கள், ஒரு கழிப்பறை கட்டினால் அந்த அறிவுரைக்கே தேவை இருக்காது. கட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் இதைக் கட்டாமல் இருப்பதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

சேர்ந்துவிட்டால் நான்கு வருடத்தில் என்ன செய்வது?

* சைட்டுக்குப் போங்கள். விடுமுறை இன்டர்ன்ஷிப்பைச் சான்றிதழுக்காக வாங்காமல், ஒரு கட்டடம் அஸ்திவாரம் முதல் தளம் வரை எழுவதைப் பார்க்க வேண்டும்.
* அடிப்படை நான்கை விடாதீர்கள். கட்டமைப்புப் பகுப்பாய்வு, மண்ணியல், நீரியல், கான்கிரீட் தொழில்நுட்பம். மென்பொருள் தருகிற விடை சரியா என்று சந்தேகப்பட இவைதான் உதவும்.
* தர விதிகளைப் படியுங்கள். ஐ.எஸ். 456, நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 இரண்டையும் தேர்வுக்காக இல்லாமல், காரணம் கேட்டுப் படிக்க வேண்டும். 2002-ல்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடுகளின் கதி என்ன என்ற கேள்வி அப்போதுதான் எழும்.
* ஒரு மென்பொருளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மென்பொருளின் பெயரை ரெஸ்யூமில் எழுதுவதைவிட ஒன்றில் ஒரு முழுத் திட்டம் செய்து காட்டுவது மேல்.
* மொழி. மேஸ்திரியிடம் தமிழில், வடமாநிலத் தொழிலாளியிடம் கொஞ்சம் இந்தியில், ஒப்பந்தக் கடிதத்தில் தெளிவான ஆங்கிலத்தில் பேச, எழுதத் தெரிந்தவருக்குச் சைட்டில் தனி மதிப்பு.

யார் எடுக்கலாம், யார் யோசிக்கலாம்?

ஒரு பாலத்தைக் கடக்கும்போது அது எப்படி நிற்கிறது என்று யோசிப்பவர்கள், மனிதர்களோடு வேலை பார்க்கப் பிடித்தவர்கள், பலனுக்குப் பத்து வருடம் காத்திருக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் எடுக்கலாம். மூன்றாவது வருடத்திலேயே பெரிய சம்பளம் வேண்டும், வீட்டிலிருந்தே வேலை வேண்டும், வெயிலும் தூசியும் கூடவே கூடாது என்பவர்கள் யோசிக்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இந்த மார்க்குக்கு இதுதான் கிடைத்தது என்பதற்காக மட்டும் சேர்வதுதான் ஆபத்து. பிடிக்காமல் எழுதிய கோடு ஓடவில்லை என்றால் திருத்தி மறுபடி ஓட்டலாம். பிடிக்காமல் பார்த்த கம்பி கட்டு கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

அரசுக்கும் நிறுவனங்களுக்கும்

மாணவர் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய வாரியக் குடியிருப்பின் பூச்சு, கைபட்டாலே உதிர்ந்தது. அதே வருடம் டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட பழைய வாரியக் கட்டடம் இடிந்தது. விரிசலைக் கவனித்து எல்லாரையும் வெளியேற்றியதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. புதியதும் உதிர்கிறது, பழையதும் விழுகிறது. கட்டும்போது நின்று பார்க்கவும், கட்டிய பின் வருடாவருடம் போய்ப் பார்க்கவும் போதுமான பொறியாளர்கள் தேவை என்பதையே இரண்டும் சொல்கின்றன.

அதனால் செய்ய வேண்டியவை தெளிவு. கடலோரம் உள்ள பழைய அடுக்குமாடிகள் அனைத்துக்கும், அரசு கட்டியதோ தனியார் கட்டியதோ, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டமைப்பு ஆய்வு கட்டாயமாக வேண்டும். ஆய்வு அறிக்கையை அங்கே குடியிருப்பவர்கள் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும். காலியாக உள்ள உதவிப் பொறியாளர் பணியிடங்களைத் தாமதமில்லாமல் நிரப்ப வேண்டும். தரம் சரியில்லை என்று வேலையை நிறுத்திய இளம் பொறியாளர் அதற்காக மாற்றலோ மெமோவோ வாங்காத நிலை வேண்டும். தனியார் நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் மனிதத்தன்மையோடு திருத்த வேண்டும்.

கடலோரக் கட்டட ஆய்வு கட்டாயமானால், பட்டினப்பாக்கம் முதல் பெசன்ட் நகர் வரையிலான பகுதியில் மட்டுமே நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பார்க்க ஆட்கள் தேவைப்படுவார்கள். ‘சிவில் எடுத்தா வேலை கிடைக்குமா?’ என்று கேட்கும் மாணவருக்கு அந்த வேலை இங்கேயே காத்திருக்கிறது. அதற்கான உத்தரவைப் போட வேண்டியது அரசு.